வெள்ளை பூத்த பாட்டில்

நேற்றுக் காலை ஆய்வக அலமாரியிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். கம்புப் பயிரின் திசுத்துண்டின் மேல் மாவு தூவியதுபோல வெள்ளைப் பூசணம். அடியில், திசு வளர ஊற்றிய உணவுக்கூழ் துளியும் கெடாமல் தெளிவாக இருந்தது. எப்படி இருக்க வேண்டுமோ அப்படியே இருந்தது. உடனே, முன்பு என்னோடு வேலை பார்த்த அக்காமேல் பழைய எரிச்சல் வந்தது.

இலஞ்சிக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் சிறிய ஆய்வகத்துக்கு அக்கா வேலைக்கு வந்தது, வாழைக்கன்று வளர்க்கும் ஒரு கூடத்திலிருந்து. அங்கே பாட்டிலில் பூசணம் தெரிந்தால் அவித்துக் கொட்டிவிடுவார்கள். எங்கள் வேலையோ தலைகீழ். அடிச்சாம்பல் நோயைத் தாங்கும் கம்பு விதையைக் கண்டுபிடிக்க, அந்த நோய்ப் பூசணமே எங்களுக்கு உயிரோடு வேண்டும். உயிருள்ள கம்பில் அல்லாமல் அது வேறெதிலும் வளராது. அதனால் நோய் பிடித்த கதிரை வெட்டி, திசுவையும் பூசணத்தையும் ஒரே பாட்டிலில் சேர்த்தே வளர்த்தோம். கூழில் பரவினால் வெளி அழுக்கு. திசுவில் மட்டும் நின்றால் நம்முடையது. இதை எத்தனை முறை சொல்லியிருப்பேன்! அக்கா தலையைத் தலையை ஆட்டுவார்.

குற்றாலத்தில் சாரல் பிடித்தால் எங்கள் சுவரே பூசணம் பூத்துவிடும். அப்படி ஒரு சாரலில் பாட்டில்கள் ஒவ்வொன்றாகக் கெட்டு, நல்லது ஒன்றே மிஞ்சியது. நான் தென்காசிக்குப் போய்த் திரும்புவதற்குள் அக்கா அதையும் அவித்துக் கொட்டிவிட்டார்.

“வெள்ளையா கெடந்துச்சு. நல்லவேளை, நான் பாத்தேன்.”

“அதுதானக்கா நம்ம பூசணம்!”

“அதுக்குன்னு அம்புட்டு அழுக்காவா இருக்கும்?”

அந்தப் பருவத்து விதைச் சோதனை அதோடு போயிற்று என்றே நினைத்தேன். மறுநாள் அக்கா வேலைக்கு வரவில்லை, சொல்லவும் இல்லை. அதற்கும் சேர்த்துக் கோபப்பட்டேன். அதற்கு அடுத்த நாள் சேறு காயாத புடவையோடு வந்து, டிபன் பாக்ஸை என்னிடம் நீட்டினார். சங்கரன்கோவில் பக்கம் பஸ்ஸில் போய், கிணற்றுப் பாசனத்தில் நின்ற கம்பைத் தேடிப்பிடித்து, தானியம் பிடிக்காமல் இலையாகத் திரிந்துபோன நோய்க்கதிர்களை ஒடித்து வந்திருந்தார்.

“தோட்டக்கார அண்ணாச்சி சிரிக்காரு, ஏட்டி. நல்ல கதிர விட்டுட்டு நோவுக் கதிரக் கேக்க மொத ஆளு நீதாம்மாங்காரு.”

மூடியைத் திறந்தேன். பாதிக் கதிர்களை வெள்ளை போகத் தேய்த்துக் கழுவியிருந்தார். பூசணம் கதிருக்குள்ளேயும் இருக்கும் என்பதால் பிழைத்தோம்.

அக்கா இப்போது கடையநல்லூரில் மகள் வீட்டில் இருக்கிறார். சாரல் தொடங்கினால் போன் வந்துவிடும். நேற்றும் வந்தது, பாட்டில் என் கையில் இருக்கும்போதே.

“வெள்ளையா இருக்கா?”

“இருக்குக்கா.”

“தூக்கிப் போட்டுராத, ஏட்டி. ஒனக்கு அவசரபுத்தி.”

நறுக்கென்று பதில் சொல்ல வாயெடுத்தேன். அந்த டிபன் பாக்ஸ் கதிரிலிருந்து புதுப்புதுப் பாட்டில்களுக்கு மாற்றி மாற்றி வளர்த்து வந்த பாட்டில்தான் கையில் இருந்தது. “சரிக்கா” என்று சொல்லி, அதை இருந்த இடத்திலேயே வைத்தேன்.