ஊற்றுப் பக்கத்துப் பங்கு

எங்கள் போடிக்காரர்களுக்கு எதைக் காட்டினாலும் அதில் வீட்டுமனைதான் தெரியும். கோபத்தில் சொல்லவில்லை, கண்ணால் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் கொட்டக்குடி ஆற்றுப் படுகையை ஆராய வந்திருந்த ஒரு பெண், கல்யாண மண்டபம் ஒன்றில் கூட்டம் போட்டார். மேடையில் இரண்டு பெரிய வரைபடங்கள். முதலாவதில் இன்றைய நிலம். காடும், நிழல் மரங்கள் நிற்கிற ஏலக்காய்த் தோட்டமும் பச்சை. வீடு, ரோடு, விடுதி வந்துவிட்ட இடம் சிவப்பு. இரண்டாவது படம், நாம் இப்படியே போனால் நம் பிள்ளைகள் காலத்தில் என்ன ஆகும் என்பது. அதில் அடிவாரம் நெடுக சிவப்பு. மிளா மானும் காட்டுமாடும் இருவாச்சிப் பறவையும் பிழைக்கிற இடங்கள் துண்டு துண்டாகிவிடும், ஓடைகள் செத்துப்போகும் என்று பாவம் அந்தப் பெண் பொறுமையாக விளக்கினார்.

முன்வரிசையில் இருந்தவர்களை எனக்கு நன்றாகவே தெரியும். மேலே ஏலத்தோட்டத்தில் நிழல் மரத்தின் அடியைச் சுற்றிப் பட்டையை உரித்துவிடுவார்கள். மரம் காய்ந்ததும், வேலையாட்கள் தலையில் விழுந்துவிடும் அய்யா, வெட்ட அனுமதி கொடுங்கள் என்று மனு எழுதுவார்கள். அப்பேர்ப்பட்ட மகராசன்கள் அன்று வேட்டி கசங்காமல் உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்கள். கூட்டம் முடிந்ததும் எழுந்துபோய், இரண்டாவது படத்தை மட்டும் போனில் எடுத்துக்கொண்டார்கள். பரவாயில்லையே, புத்தி வந்துவிட்டதே என்று நான்கூட ஒரு நிமிடம் ஏமாந்தேன். அவர்களைப் பார்த்து நானும் அதைப் போனில் எடுத்துக்கொண்டேன்.

அப்போது ஒருவர் அந்தப் பெண்ணிடம் போனார்.

"ஏம்மா, ராசிங்காபுரம் ரோட்டுல எதுவரைக்கும் செவப்பு வருது? வெரல வச்சுக் காட்டுங்க."

"வரக்கூடாதுன்னுதான் சார் இவ்வளவு நேரம் சொன்னேன்."

"அது சரிம்மா. வந்தா எங்கன வரும்?"

அந்தப் பெண் வரைபடத்தைச் சுருட்டத் தொடங்கினார். ஒரு வாரத்தில் அதே படம் ஊரில் எல்லார் போனிலும் சுற்றியது. மேலே 'வருங்கால வளர்ச்சிப் பகுதி' என்று கொட்டை எழுத்து, கீழே ஒரு புரோக்கரின் நம்பர். எச்சரிக்கையையே விளம்பரமாக மாற்ற ஒரு தனி மூளை வேண்டும். எங்கள் ஊரில் அதற்குப் பஞ்சமே இல்லை.

என் அண்ணன் போனுக்கும் அது வந்தது. சிலமலைக்கு மேற்கே, மலை ஏறத் தொடங்கும் இடத்தில் எங்கள் இருவருக்கும் பொதுவாக ஓர் இலவந்தோப்பு இருந்தது. அதன் மேல்கோடியில் பாறை இடுக்கில் ஒரு ஊற்று. சித்திரை வெயிலிலும் வற்றாது. அந்தத் தண்ணீர் ஓடையாகத் தோப்புக்குள் இறங்கி ஆற்றுக்குப் போகும். காலையில் போனால் ஓடைக்கரைச் சேற்றில் மிளாவின் குளம்படி புதிதாகப் பதிந்திருக்கும். அதைப் பார்ப்பதற்காகவே நான் போவேன். அந்த ஊற்று போய்விடக் கூடாது என்பதைத் தவிர அந்த நிலத்தில் எனக்கு வேறு ஆசை இல்லை என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"டேய் தம்பி, நம்ம தோப்பு செவப்புக்குள்ள வந்துருச்சுடா. வெரசா வித்துப்புடணும்" என்றார் அண்ணன்.

"ஊத்த வித்துட்டு என்னத்தண்ணே குடிப்ப?"

அதோடு விட்டேனா? டீக்கடையில் நாலு பேர் முன்னால் அவரைப் புரோக்கர் வால் என்றேன். கல்யாண வீட்டுப் பந்தியில் காட்டைப் பற்றிப் பிரசங்கம் செய்தேன். மாதக்கணக்கில் என் வாய் ஓயவில்லை. கடைசியில் அண்ணன் அலுத்துப்போய், "சரி, பிரிச்சுக்கிருவோம்" என்றார்.

எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. மூத்தவன் பங்கு பிரிக்க வேண்டும், இளையவன் முதலில் எடுக்க வேண்டும். பிரிக்கிறவனால் ஓரவஞ்சனை செய்ய முடியாது. அண்ணன் தோப்புக்குக் குறுக்கே கயிறு பிடித்தார். மேல்பங்கில் ஊற்று, பழைய இலவ மரங்கள், காட்டோர எல்லை. கீழ்ப்பங்கில் ரோட்டு முகப்பு. சாட்சிக்கு மாமாவும் சித்தப்பாவும் நின்றார்கள்.

"ம், எடுத்துக்கடா" என்று சொல்லிவிட்டு அண்ணன் ரோட்டைப் பார்த்து நடக்கத் தொடங்கினார். கீழ்ப்பங்கு தனக்குத்தான் என்று அவருக்கு அவ்வளவு நிச்சயம்.

"கீழ்ப்பங்கு" என்றேன்.

அண்ணன் நின்று திரும்பினார். மாமா இருமினார். மேலே பன்னித் தொல்லை, வேலி போட்டுக் கட்டுபடியாகாது என்று நானாக ஏதோ உளறினேன். யாரும் என்னிடம் காரணம் கேட்கவில்லை. கயிறு பிடித்த நேரம் முழுக்க என் கண்ணுக்குள் நின்றது அந்த இரண்டாவது படம்தான். ஊரைக் காறித் துப்பிக்கொண்டிருந்த எனக்கும் அதே புத்திதான்.

மேல்பங்கை அண்ணன் விற்றுவிட்டார். வாங்கியவர் சுற்றுலாக்காரர்களுக்கு அறைகள் கட்டினார். பொக்லைன் ஏறி இலவ மரங்களைப் பெயர்த்துப் போட்டது. ஊற்றை சிமெண்டுத் தொட்டிக்குள் அடைத்து, குழாய் போட்டுக் குளியலறைகளுக்குக் கொண்டுபோனார்கள். என் பங்கில் ஓடை வெறும் கல்லும் மணலுமாகக் கிடந்தது. குளம்படி ஒன்றுகூட இல்லை. ஆத்திரம் தாங்காமல் அண்ணன் வீட்டுக்குப் போனேன். அவர் மத்தியானச் சாப்பாட்டில் உட்கார்ந்திருந்தார்.

"ஊத்த வித்துட்டியேண்ணே, நீயெல்லாம் ஒரு மனுசனா?" என்று வாசலில் நின்றே கத்தினேன்.

அவர் கோபப்படவில்லை. வாயிலிருந்த சோற்றை விழுங்கிவிட்டுத்தான் பேசினார்.

"அத மொதல்ல ஒனக்குத்தானடா குடுத்தேன். நீ விடமாட்டேன்னு நம்பித்தான் அப்புடிப் பிரிச்சேன்."

மதினி உள்ளேயிருந்து இன்னொரு தட்டு கொண்டுவந்து வைத்தார். உட்கார்ந்து சாப்பிட்டேன்.