ஊரே ஓ குரூப் ஆன நாள்

அறுபதுகளில் போர்ட் பிளேரில் ஓர் ஆஸ்பத்திரி லேபில் நான் டெக்னீஷியன். ஒரு நாள் காலையிலிருந்து யார் ரத்தத்தைச் சோதித்தாலும் ஓ குரூப் என்றே வந்தது.

சௌல்தாரி கிராமத்திலிருந்து செல்லையா என்பவனின் மனைவி மரியம்மாளை லாரியில் கொண்டுவந்திருந்தார்கள். பிரசவத்தில் ரத்தம் நிறையப் போய்விட்டது, உடனே ஏற்ற வேண்டும். ரத்த வங்கியெல்லாம் கிடையாது, ஆளைப் பிடித்து எடுப்பதுதான். அவளும் ஓ, செல்லையாவும் ஓ, லாரியில் வந்த ஒன்பது பேரும் ஓ.

செல்லையாவுக்குப் பெருமை பிடிபடவில்லை. "பாத்தீங்களா சார், புருஷன் பொண்டாட்டி ஒரே ரத்தம்! எடுங்க சார், ஜல்தி எடுங்க" என்று சட்டைக் கையை மடித்துவிட்டான்.

எனக்குச் சந்தேகம் தட்டியது. சோதிக்கும் ஆன்டிசீரம் மெயின்லேண்டிலிருந்து வரும். இரண்டு பாட்டில், அன்று காலைதான் புதிதாகத் திறந்தவை. அதிலுள்ள ஆன்டிபாடி பட்டால் ஏ ரத்தம் ஒன்றிலும் பி ரத்தம் மற்றதிலும் பால் போலத் திரியும். இரண்டிலும் திரியாவிட்டால் ஓ. ஆனால் சூட்டில் சீரமே செத்துப் போயிருந்தாலும் திரியாதே! படிக்கும் காலத்திலேயே என் குரூப் பி என்று எழுதித் தந்திருந்தார்கள். விரலைக் குத்திப் பார்த்தேன். நானும் ஓ. கடல் தாண்டினால் சாதி போகும் என்பார்கள். ரத்த குரூப் போகும் என்று யாரும் சொன்னதில்லை.

டாக்டரிடம் ஓடினேன். அவர் வங்காளி, கோபக்காரர். போன வாரம் கல்கத்தா கப்பலில் சீரம் கொண்டுவந்த ஸ்டோர்கீப்பர் சங்கரலிங்கத்தைக் கூப்பிட்டார்.

"ஐஸ் பெட்டியிலதானே வெச்சிருந்தீங்க?" என்று கேட்டேன்.

"அதுல எடமில்ல சார், மீன் இருந்திச்சு. பாட்டில வேட்டிக்குள்ள சுத்தி டிரங்குப் பெட்டியில வெச்சேன். ஒண்ணுகூட ஒடையல."

யாருடைய மீன் என்று டாக்டர் இந்தியில் கத்தினார்.

"சாப் கா மச்லி, ஐயாவோட மீன்தான்" என்றார் சங்கரலிங்கம் பவ்யமாக. "நீங்க பஹுத் அச்சான்னு சொன்னீங்களே, அந்த ஹில்சா."

டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அடுத்த கப்பலுக்குப் பத்து நாள் இருந்தது.

அப்போதுதான் பாடம் ஞாபகம் வந்தது. பி-காரன் ரத்தத்தில் பிரியும் சீரத்திலேயே ஏ-யைத் திரிக்கும் ஆன்டிபாடி இருக்கும். ஏ-காரனிடம் பி-யைத் திரிப்பது இருக்கும்.

"நான் பி. நீங்க என்ன குரூப் சார்?"

"ஏ."

"அப்ப கையை நீட்டுங்க."

எத்தனையோ வயிற்றைக் கிழித்த மனிதர், ஊசியைக் கண்டதும் "தீரே, தீரே" என்று மெதுவாகக் குத்தச் சொன்னார்.

இருவர் ரத்தத்தையும் உறையவிட்டு, சென்ட்ரிஃப்யூஜில் சுற்றிச் சீரம் பிரித்தேன். முதலில் என் சீரத்தில் அவர் ரத்தம், அவர் சீரத்தில் என் ரத்தம். இரண்டும் அழகாகத் திரிந்தன. பிறகு மற்றவர்கள். மரியம்மாள் ஏ. செல்லையா பி! அவன் ரத்தத்தை ஏற்றியிருந்தால் எங்கள் கையாலேயே அவளைக் கொன்றிருப்போம். லாரியில் வந்தவர்களில் இருவர் ஏ. அவள் ரத்தத்தோடு சேருகிறதா என்று கிராஸ் மேட்ச் பார்த்து ஏற்றினோம். சாயங்காலம் கண் விழித்துக் கஞ்சி கேட்டாள்.

இப்போது லேபுக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: ஆளைச் சோதிக்குமுன் சீரத்தைச் சோதியுங்கள். அன்றிலிருந்து தினமும் காலையில் முதல் சொட்டு என் விரலிலிருந்துதான். ஏ ரத்தத்துக்கு டாக்டர் தானே வந்து விரலை நீட்டுவார். கப்பலில் ஹில்சா வந்த மறுநாள் மட்டும், கேட்காமலே இரண்டு விரல்.