அக்கா மாப்பிள்ளையை மடக்கிய கதை

எங்கள் அக்காவைப் பெண் பார்க்க வந்தவர்களிடம் மாமா முதலில் எடுத்துவிட்டது அவள் சமையலைப் பற்றி அல்ல. "இங்கிலீஷ்ல எம்.ஏ. படிக்கப் போறா" என்றார். கேசரித் தட்டோடு வந்த அம்மா தன் தம்பியை முறைத்த முறைப்பு இன்னும் கண்ணில் நிற்கிறது. இந்தப் பேச்சை எடுத்ததால்தான் முந்தைய சம்பந்தம் நின்றுபோயிருந்தது. திருநெல்வேலியில் விடுதியில் தங்கிப் படிப்பேன், அதற்குச் சம்மதிக்காத வீட்டுக்கு வாக்கப்படமாட்டேன் என்று அக்கா ஒற்றைக்காலில் நின்றாள். மூன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த நான் முழுக்க அக்கா கட்சி.

மாப்பிள்ளைக்குச் செல்போன் டவர்களைப் பராமரிக்கிற வேலை. வாயைத் திறக்கவே கூச்சப்பட்டார். அப்பா விடாமல் கேட்டதில், நம் ஊர் டவரிலும் குருவிகுளம் டவரிலும் இருக்கிற வட்டத் தட்டுகளை ஒன்றையொன்று நேராகப் பார்க்கும்படி திருப்பி வைப்பேன் என்று மட்டும் சொன்னார்.

"அப்படி என்னத்தம்மா இருக்கு அந்தப் படிப்புல?" என்று கேட்டார் மாப்பிள்ளையின் அம்மா.

"பழைய காதல் கவிதை, அத்தை."

எங்கள் அம்மாவுக்கு மூச்சே நின்றிருக்கும். அக்கா அசரவில்லை. அந்தக் கவிஞர்கள் பூவையும் நிலவையும் தேடிப் போகமாட்டார்கள், தேசப்படம், தச்சுக்கருவி, கணக்கு என்று எதை வைத்தும் காதலைச் சொல்லிவிடுவார்கள், முதலில் கிறுக்குத்தனமாகத் தெரியும், யோசித்தால் அதைவிடப் பொருத்தமாகச் சொல்ல முடியாது என்று விளக்கினாள்.

"அது சரி. புருஷன் இங்கன, பொண்டாட்டி அங்கன இருந்தா அது என்ன குடும்பம்?"

"ரெண்டு டவரையும் பக்கத்துல பக்கத்துல நட்டா யாருக்கு அத்தை பிரயோஜனம்? எட்டத்தான் நிக்கணும். ஆனா ஒண்ணு மூஞ்சிய ஒண்ணு பாத்துக்கிட்டே நிக்கணும். அப்பத்தான் பேச்சு போவும்."

மாமா தொடையைத் தட்டிக்கொண்டார். எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

மாப்பிள்ளை முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார். "காத்தடிச்சா தட்டு லேசா திரும்பிரும்" என்றார்.

"திரும்பிட்டா?"

"ஏறி நேரா வைக்கணும். எத்தனை தடவை திரும்பினாலும் நான் வச்சிக்கிடுவேன்."

தோற்ற மனுஷன் ஏதோ சமாளிக்கிறார் என்று நினைத்தேன். அவர்கள் கிளம்பியதும் தெருவுக்கு ஓடி, எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம், "எங்க அக்கா மாப்பிள்ளைய அவரு வேலையிலேயே மடக்கிட்டா!" என்று பறையடித்தேன்.

சாயங்காலம் போன் வந்தது. கல்யாணத்தை முடித்துக்கொண்டு பெண் தாராளமாகப் படிக்கப் போகட்டும் என்றார்களாம். அக்காவும் சரியென்றுவிட்டாள். எனக்கு ஒரே குழப்பம்.

"நீதானக்கா ஜெயிச்ச? பெறகு எதுக்கு அவரையே கட்டிக்கிடுத?"

"போடி அங்கிட்டு" என்று என் தலையில் ஒரு தட்டுத் தட்டினாள். முகமெல்லாம் சிரிப்பு.

இன்று அக்கா கல்லூரியில் அதே கவிதைகளைத்தான் நடத்துகிறாள். அவள் வகுப்பு என்றால் பிள்ளைகள் மட்டம் போடுவதில்லை என்று கேள்விப்படும்போது, நானே நடத்துகிற மாதிரி நிமிர்ந்து உட்காருவேன். ஆனால் பெண் பார்க்க வந்த அன்று அவள் நடத்திய முதல் பாடம் எனக்குப் புரிய, நானும் கல்யாண வயதுக்கு வரவேண்டியிருந்தது. அத்தனை பெரியவர்களுக்கும் நடுவில் எங்கள் அக்கா தன் கல்யாணத்தைத் தானே பேசி முடித்திருக்கிறாள். நான் அதைச் சண்டை என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன்.