மட்டம் பார்த்த பாத்தி

அவரை அந்தத் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. தரைக்கு டைல்ஸ் ஒட்டுகிறவர். இடுப்பில் எந்நேரமும் ஒரு ரசமட்டம் சொருகியிருப்பார். கண்ணாடிக் குழாய்க்குள் குமிழி நடுவில் வந்து நிற்கிறதா என்று பார்க்கிற சின்னக் கட்டை அது. அதனால் 'ரசமட்டம்' என்றே பெயர் விழுந்துவிட்டது. விருந்துக்குப் போன இடத்தில் மேசை ஆடினால்கூட, காலுக்குக் கீழே அட்டையை மடித்து வைத்துவிட்டுத்தான் இலையைப் பார்ப்பார்.

வேலையில் பாதிதான் டைல்ஸ், மீதிப் பாதி அதற்குக் கீழே இருக்கிறது என்பார். அடிமண் இளகிக் கிடந்தால் மேலே பளிங்கே போட்டாலும் வெடிக்கும். ஆகவே எந்த வீட்டுக்குப் போனாலும் மண்ணை நனைத்து, அடுக்கடுக்காகப் போட்டு, திமிசுக் கட்டையால் ஓங்கி ஓங்கிக் குத்தி இறுக்கிவிட்டுத்தான் மேல் வேலையைத் தொடுவார். அந்தக் கையைக் குறை சொன்னவர்கள் இல்லை.

அவர் மனைவிக்கு நூல் கடையில் வேலை. தையல்காரர்கள் துணித்துண்டை நீட்டினால் அதே நிறத்து நூல்கண்டை அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுக்க வேண்டும். மஞ்சளில் மட்டுமே ஓர் அலமாரி நிறைய வகைகள் உண்டு. அவள் ஒருநாள் அரக்குத் துணிக்குப் பழுப்பு நூலைக் கொடுத்தாள். தையல்காரர் திருப்பிக் கொண்டுவந்தபோது கடையில் எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த வாரம் சிவப்புக்குக் கறுப்பைக் கொடுத்தாள். அப்போது யாரும் சிரிக்கவில்லை.

"கண்ணுக்குப் பின்னால நரம்பு காய்ஞ்சுகிட்டே வருது" என்றார் கண் டாக்டர். "போனது திரும்பாது. இருக்கறது எவ்வளவு நாள் இருக்கும்னு என்னால உறுதியா சொல்ல முடியல. இவங்களுக்குக் கொஞ்சம் வேகமாத்தான் போகுது."

பஸ்ஸில் திரும்பி வந்தார்கள். வீட்டு கேட்டைத் திறந்ததும் நின்றுவிட்டாள். முன்வாசல் முழுக்க, வேலை செய்த வீடுகளில் மிஞ்சிய டைல்ஸ் துண்டுகளை வைத்து அவர் ஒட்டிய தரை.

"இதைப் பேத்துடுங்க."

"எதைம்மா?"

"இந்த வாசலை. கட்டிக்கிட்டு வந்த நாள்லேருந்து கேக்கறேன், ரெண்டடி மண்ணு விடுங்கன்னு. சேறாகும், பூச்சி வரும்னு சொல்லிச் சொல்லியே மூடிட்டீங்க. எனக்கு ரோஜா வேணும். நம்ம மண்ணுல பூத்த ஒரு ரோஜாவ இந்தக் கண்ணால பாத்துடணும். அதுக்கப்புறம் எது போனாலும் போகட்டும்."

மறுநாள் காலையிலேயே கடப்பாரையை எடுத்துவிட்டார். தான் ஒட்டிய தரையைத் தானே பேர்ப்பது அதுதான் முதல் தடவை. ஒவ்வொரு துண்டும் வரமாட்டேன் என்று மல்லுக்கு நின்றது.

செடி வாங்க மைத்துனனின் லோடு வண்டியில் போனார்கள். அவளுடைய தம்பி, வாய் ஓயாதவன்.

"அக்கா, நீ கையக் காட்டு போதும். நர்சரியவே தூக்கி வண்டில போட்டுடறேன்."

"முதல்ல வண்டிய நேரா நிறுத்துடா."

பார்வையின் நடுப்பகுதி அவளுக்குப் போய்விட்டிருந்தது. ஒன்றைப் பார்க்க வேண்டுமென்றால் முகத்தை அப்பால் திருப்பி, கடைக்கண்ணால் பிடிக்க வேண்டும். நர்சரிக்காரம்மா ஒவ்வொரு பூவாகக் காட்டக் காட்ட இவள் ஒவ்வொன்றுக்கும் முகத்தைத் திருப்பினாள்.

"என்னம்மா இது, கோவம் எம்மேலயா, பூ மேலயா?"

"அக்காவுக்கு அப்படிப் பாத்தாத்தாங்க தெரியும்" என்றான் தம்பி. "நேரா பாத்தா ஒண்ணும் தெரியாது. எங்க மாமா மூஞ்சி கண்ணுல படறதே இல்ல. அதான் இப்பல்லாம் அந்த வீட்டுல சண்டையே கிடையாது."

அவள் சிரித்தாள். டாக்டரிடம் போய்வந்த பிறகு அவர் கேட்ட முதல் சிரிப்பு. மைத்துனனை அங்கேயே கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

"இது நல்லா கறுப்பா இருக்கே" என்றாள் ஒரு பூவைப் பார்த்து.

"கறுப்பா? ரத்தச் சிவப்பும்மா!"

அவள் அடுத்ததற்கு நகர்ந்தாள். ரோஸ் நிறம் சாம்பலாகத் தெரிந்தது. வெள்ளை தெரிந்தது, ஆனால் வீட்டுச் சுவரும் வெள்ளை, அதற்கு முன்னால் வைத்தால் காணாமல் போய்விடும் என்றாள். மஞ்சளுக்கு வந்ததும் நின்றாள். அவரை அந்தச் செடியைத் தூக்கிக்கொண்டு பின்னால் போகச் சொன்னாள். அவர் போனார்.

"தெரியுது... தெரியுது... இன்னும் தெரியுது. போதும் நில்லுங்க, அப்படியே வீட்டுக்கே போயிடுவீங்க போல."

நர்சரிக்காரம்மா உதட்டைப் பிதுக்கினாள். "மஞ்சள் அழகுதான். ஆனா நோஞ்சான். கொஞ்சம் முன்ன பின்ன ஆனா படுத்துக்கும். இந்தப் பன்னீர் ரோஜாவ எடுத்துக்கங்க. வெட்டிப் போட்டாலும் துளிர்க்கும். வாசம் வீடு பூரா வரும்."

அவரும் மைத்துனனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இருவருக்கும் ஒரே நினைப்பு.

"இதுலயும் ஒண்ணு எடுத்துக்கலாமே" என்றார் அவர். "வாசம் இருக்கு பாரு... பின்னாடி ஒரு..."

"பின்னாடி?" அவள் குரல் மாறிவிட்டது. "கண்ணு போனப்புறம் நான் மோந்துகிட்டு உக்காந்திருக்கறதுக்கு இப்பவே ஏற்பாடா? மஞ்சள் மட்டும் போடுங்க. எல்லாம் மஞ்சள்."

பூவோடும் மொட்டோடும் இருந்த மஞ்சள் செடிகள் அத்தனையும் வண்டியில் ஏறின.

"வெச்ச உடனே இருக்கற பூவு, மொட்டு எல்லாத்தையும் கிள்ளிடணும்" என்றாள் நர்சரிக்காரம்மா. "இல்லேன்னா வேர் புடிக்காது. அப்புறம் மண்ணு..."

"மண்ணப் பத்தி எனக்குச் சொல்லாதீங்கம்மா" என்றார். "மண்ணுலதான் என் பொழப்பே."

பாத்தியை அவர் கட்டிய அழகைப் பார்க்க ஆட்கள் நின்று போனார்கள். நூல் பிடித்து விளிம்புக்குச் செங்கல் வைத்தார். செம்மண்ணும் எருவும் கலந்து, நனைத்து, ஓர் அடுக்கு போட்டுத் திமிசால் குத்தினார். அதன்மேல் இன்னோர் அடுக்கு, அதற்கும் குத்து. முழங்கால் இரண்டும் வலியில் கத்தின, விடவில்லை. கடைசியில் ரசமட்டத்தை மண்மேல் நீளவாக்கில் வைத்தார், குறுக்கே வைத்தார். குமிழி நடுவில் வந்து நின்றது.

"என்ன மேஸ்திரி, ரோஜா வைக்கவா, லாரி நிறுத்தவா?" என்று எதிர்வீட்டுக்காரர் கேட்டார்.

அதை அவர் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார். குழி தோண்ட உளி தேவைப்பட்டது. நட்டு, ஒவ்வொரு செடியைச் சுற்றியும் கட்டைவிரலால் அழுத்தி இறுக்கினார். சொன்னபடி பூக்களையும் மொட்டுகளையும் ஒன்றுவிடாமல் கிள்ளினார்.

சாயங்காலம் அவள் நாற்காலியைக் கொண்டுவந்து வாசற்படியில் போட்டு உட்கார்ந்து, முகத்தைத் திருப்பித் திருப்பித் தேடினாள்.

"எங்கங்க பூவெல்லாம்?"

"கிள்ளிட்டேன்மா. அப்பதான் அடுத்தது நல்லா வருமாம்."

"அடுத்ததா" என்றாள்.

அதற்குப் பிறகு இருவரும் அந்தப் பாத்தியையே கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார்கள். தண்ணீர் ஊற்றினால் பாத்தி முழுக்க ஒரே உயரத்தில் கண்ணாடி மாதிரி நின்றது. ஒரு பக்கமும் சாயவில்லை. அவருக்குப் பெருமையாக இருந்தது. இலைகள் வெளுத்தபோது தாகம் என்று நினைத்தார். காலையில் ஊற்றியது போதாதென்று மாலையிலும் ஊற்றினார். இதற்கிடையில் அவள் வேலையை விட்டிருந்தாள். அரிசியில் கல் பொறுக்குவதை விட்டாள். தெருவில் வருகிறவர்களைக் குரல் கேட்டுத்தான் யாரென்று சொன்னாள்.

ஒரு மத்தியானம் அவள் படுத்திருந்தபோது அவர் ஓரத்துச் செடியைப் பிடித்து அசைத்துப் பார்த்தார். அது கையோடு வந்துவிட்டது. வேர் கறுத்து, சாக்கடை நாற்றம் அடித்தது. செடியையும் ஒரு மண்கட்டியையும் பையில் போட்டுக்கொண்டு நர்சரிக்கு ஓடினார்.

நர்சரிக்காரம்மா கட்டியை உடைக்கப் பார்த்தாள். உடையவில்லை.

"இது மண்ணா, செங்கல்லா? என்ன பண்ணீங்க?"

"திமிசு போட்டேன்."

"செடிக்கா? வேருக்கும் மூச்சு வேணும் மேஸ்திரி. கழுத்த நெரிச்சு தண்ணிக்குள்ள அமுக்கி வெச்சிருக்கீங்க."

"மத்ததெல்லாம்?"

"ஒரே பாத்திதான? அதுங்களும் இப்படித்தான் இருக்கும்."

"பூவோட வேற மஞ்சள் இருக்கா? ஒண்ணு போதும்."

"இருந்ததை எல்லாம் நீங்கதான வாரிக்கிட்டுப் போனீங்க. இனி அடுத்த பருவம்தான்."

மைத்துனனிடம் சொன்னார். அவனும் அன்றைக்கு வேடிக்கை பேசவில்லை. "கடையில மஞ்சள் ரோஜா வாங்கி, காம்புல நூல் போட்டுக் கட்டிவிடுங்க மாமா. அக்காவுக்கு என்ன தெரியப்போகுது?" என்றான்.

"தொட்டுப் பாப்பாடா. நூலுலயே வாழ்ந்தவ. கட்டினது தெரியாதா அவளுக்கு?"

மறுநாள் காலை, மிச்சத்தையும் பிடுங்கிப் போட்டுவிடலாம் என்று கடப்பாரையோடு வந்தார். அவள் அவருக்கு முன்பே எழுந்து வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். முகம் சுவர்ப்பக்கம் திரும்பியிருந்தது. அப்படித் திரும்பியிருந்தால் எதையோ பார்க்கிறாள் என்று அர்த்தம்.

"ஏங்க, இங்க வாங்க. மஞ்சளா தெரியுது. பூத்துடுச்சு!"

செடிகளில் பச்சையே இல்லை. அடியிலிருந்து நுனிவரை இலைகள் பழுத்து நின்றன.

"ஆமாம்மா" என்றார்.

"எத்தனை?"

"நிறைய."

"நிறையன்னா?"

அவர் கடப்பாரையைத் தரையில் ஊன்றினார். அவள் காத்திருந்தாள். பிறகு மெதுவாக, "இலையா?" என்று கேட்டாள்.

"இலைதான்."

"எல்லாமா?"

"எல்லாம். என் கைதாம்மா. மண்ண இறுக்கிட்டேன். தரை போடற மாதிரி போட்டுட்டேன். அன்னிக்கு அந்தப் பூவையாவது விட்டு வெச்சிருக்கலாம்."

அவள் அழுவாள், திட்டுவாள் என்று நின்றார். திட்டினால் நன்றாக இருக்கும் போலிருந்தது. அவள் சுவர்ப்பக்கம் திரும்பிய முகத்தைத் திருப்பவே இல்லை.

"கடப்பாரைய வெச்சிடுங்க" என்றாள். "மஞ்சள் மஞ்சள்தான. தெரியற வரைக்கும் இருக்கட்டும்."

அவர் பிடுங்கவில்லை. உதிர்ந்ததைக் கூட்டவும் இல்லை. தினமும் காலையில் அவளுக்கு நாற்காலி போடுவது அவர் வேலையாயிற்று. முதலில் வாசற்படியில் போட்டார். சில நாள் கழித்து, கொஞ்சம் முன்னால் போடுங்க என்றாள். படிக்குக் கீழே போட்டார். பிறகு இன்னும் கொஞ்சம். ஒருநாள் அவள் முழங்கால் பாத்தியின் செங்கல் விளிம்பில் போய் இடித்தது. முகத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினாள்.

"இன்னும் கொஞ்சம் முன்னால தள்ளுங்க."

"இதுக்கு மேல எடம் இல்லம்மா" என்றார்.