ஆறு வாரம் சாமி படத்தின் பின்னால்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் தபால்காரர் நாங்கள் குடியிருக்கும் லயம்வரை வருவதில்லை. கடிதங்கள் எல்லாம் தோட்ட ஆபீசுக்குப் போகும். காலையில் பெரட்டில், வேலை பிரித்துக் கொடுக்கும்போது, கணக்கப்பிள்ளை உறைகளின் மேலுள்ள பெயர்களை வாசிப்பார். கை நீட்டியவருக்குக் கொடுப்பார்.

தங்கை தாதியர் பயிற்சிக்கு விண்ணப்பித்தபோது, அட்டன் நகரில் தெரிந்த கடைக்காரர் ஒருவரின் முகவரியைப் போடட்டுமா என்று கேட்டாள். தோட்டத்துப் பிள்ளைகள் பலர் அப்படித்தான் செய்வார்கள். கடைக்குக் கடிதம் பிந்தாமல் வரும். தோட்டம் என்ற சொல்லும் விண்ணப்பத்தில் இருக்காது. நான் அப்போது கொழும்பில் பத்திரிகை வேலையில் இருந்தேன். "நம்ம ஊர நாமளே மறைக்கணுமா? தோட்டத்தையே போடு" என்றேன். போட்டாள். வயதெல்லைப்படி அவளுக்கு அதுவே கடைசித் தடவை.

அழைப்பு வரவில்லை. தகுதி போதவில்லை என்று அவளே முடிவு செய்துகொண்டாள்.

தீபாவளிக்கு நான் வீட்டில் இருந்தேன். கீழ் லயத்து அக்கா கணவரோடு வந்தார். அக்காவுக்கும் தங்கைக்கும் ஒரே பெயர், ஒரே முதலெழுத்து. கையில் பிரிக்காத பழுப்பு உறை. அதன்மேல் திருநீறு பூசியிருந்தது. லயத்தில் யாருக்குச் சிங்களக் கடிதம் வந்தாலும் தங்கைதான் வாசித்துச் சொல்வாள்.

"ஆறு வாரமா சாமி படத்துக்குப் பின்னால வச்சிருந்தேன், தங்கச்சி. தனி வீடு கேட்டு கவர்மெண்டுக்கு எழுதிப் போட்டமே, அதுதான். இவரு கொழும்புல இருந்து வந்ததும் பிரிப்போம்னு இருந்தேன்."

"வீடும் இவ பேர்லயே வருதாம். இனி என்னைய வெளிய தொரத்திருவா" என்று கணவர் சிரித்தார். "ரெண்டு ரூமா, மூணு ரூமா? அத மட்டும் சொல்லும்மா."

தங்கை உறையைக் கிழித்து வாசித்தாள். ஒரே தாள்தான். இரண்டாம் முறையும் வாசித்தாள்.

"இது வீட்டுக் கடுதாசி இல்லக்கா."

"அப்ப என்னாது?"

"எனக்கு வந்தது. இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டிருக்காங்க."

"நல்லதுதானே. எப்ப போவணும்?"

"போன மாசம்."

அக்கா வெற்று உறையை வாங்கி முன்பக்கமும் பின்பக்கமும் பார்த்தார். கணவர் அவர் கையைப் பிடித்து அழைத்துப் போனார். அன்று அந்த வீட்டில் பலகாரம் சுடவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன்.

விடுமுறை முடிந்ததும் தங்கையைக் கடிதம் அனுப்பிய கொழும்புக் காரியாலயத்துக்கு அழைத்துப் போனேன். அதிகாரி மரியாதையாகவே பேசினார். பட்டியல் முடிந்துவிட்டது என்றார். நீங்கள் கொடுத்த முகவரிக்குத்தானே அனுப்பினோம் என்றார். அதுவும் உண்மைதான். ஒரு வீட்டுக்குத் தபால் வராமல் எப்படி இருக்கும் என்பதை அவருக்கு எங்களால் விளங்கவைக்க முடியவில்லை. தங்கை நல்ல சிங்களத்தில் இரண்டு முறை சொல்லிப் பார்த்தாள். பிறகு கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

அவள் என்மேல் கோபப்படவில்லை. கீழ் லயத்து அக்காமேலும் கோபப்படவில்லை. அக்காதான் எங்கள் வாசலைக் கடக்காமல் சுற்றுவழியாகத் தண்ணீருக்குப் போகிறார்.

இப்போதும் யாராவது கடிதத்தோடு வருவார்கள். தங்கை அவர்களை உட்காரவைத்துத் தேநீர் கொடுக்கிறாள். உறையைக் கையில் வாங்குவதில்லை.

"சிங்களமெல்லாம் மறந்து போச்சுங்க" என்கிறாள்.