காலையில் வந்துபோன அக்கா

முட்டி அறுவைச் சிகிச்சைக்குப் போவதற்கு முந்தைய நாள், பேரங்காடிக்குப் போய் ஒரு பெரிய மைலோ டின்னும் ஆறு ஆரஞ்சுப் பழங்களும் ஒரு பாக்கெட் பிஸ்கட்டும் வாங்கினேன். நைட்டி, துண்டு, மருந்து எல்லாவற்றுக்கும் அடியில் அவற்றை வைத்துப் பையின் ஜிப்பை இழுத்து மூடினேன். எனக்கு அந்தச் சாக்லேட் பானம் பிடிக்காது.

ஆனால் எங்கள் ஊரில் ஆஸ்பத்திரிக்கு ஆள் பார்க்க வருகிறவர்கள் வெறுங்கையோடு வர மாட்டார்கள். மைலோ டின் வரும், ஆரஞ்சு வரும். கட்டில் பக்கத்து மேசை காலியாகக் கிடந்தால், இவளுக்கு நாதி இல்லை என்று கதவைத் திறந்து பார்க்கிறவர்களுக்கெல்லாம் தெரிந்துவிடும். முப்பது வருஷம் பள்ளிக்கூட அலுவலகத்தில் அத்தனை பேரையும் அதட்டி வேலை வாங்கியவள் நான். அறுபத்து மூன்று வயதில், முன்பின் தெரியாதவர்கள் என்னைப் பார்த்து "அச்சச்சோ" என்று சொல்ல விடுவேனா? அதனால்தான் என்னைப் பார்க்க வரப்போகிறவர்கள் வாங்க வேண்டியதையும் நானே வாங்கிக்கொண்டேன்.

ஈப்போவில் எனக்கு மருத்துவம் பார்த்த எலும்பு டாக்டர் நல்ல மனிதர். எக்ஸ்ரே படத்தைக் கணினியில் காட்டி, "எலும்பும் எலும்பும் உரசுது, இனிமே ஊசி வேலைக்காகாது, மாத்திடலாம்" என்றார். எங்கள் வீட்டுப் பெண்களுக்குக் கால் வளைவு. அம்மா ரப்பர்க் காட்டு மேட்டில் பால் வாளி தூக்கி ஏறும்போது பின்னாலிருந்து பார்த்தால் இரண்டு முட்டிக்கும் நடுவே ஒரு தேங்காய் போகும். அதே கால்தான் அக்காவுக்கு, அதே கால்தான் எனக்கு. "குடும்பத்துல வேற யாருக்காச்சும் இப்படி இருக்கா?" என்று டாக்டர் கேட்டார். "ஒரு அக்கா இருந்தாங்க" என்றேன். செத்துப்போனவர்களைச் சொல்வதுபோல வாயில் வந்துவிட்டது. திருத்தவும் தோன்றவில்லை.

அக்கா சாகவில்லை. ஹுத்தான் மெலிந்தாங் என்ற ஊரில் நன்றாகத்தான் இருந்தாள். ஏழு வருஷத்துக்கு முன் அவள் மகளுக்கு அங்கேதான் கல்யாணம் நடந்தது. மணமக்களுக்கு ஆரத்தி சுற்ற ஆலம் தட்டை நான் கையில் எடுத்தேன். "கல்யாணம் ஆகாதவங்க கையில வேணாமே" என்று மாப்பிள்ளை வீட்டு அம்மா ஒருத்தி முணுமுணுத்தாள். அக்கா ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. என் கையிலிருந்து தட்டை வாங்கி வேறு யாரிடமோ கொடுத்தாள். பந்தியில் இலை போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் கை நனைக்காமல் காரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். "என் மக கல்யாணச் சோத்தைத் தள்ளிட்டுப் போனவ" என்று அவள் சொந்தக்காரர்களிடமெல்லாம் சொன்னாளாம். தட்டைப் பிடுங்கியதை மட்டும் சொல்லவில்லையாம். எனக்கும் ரோஷம் கொஞ்சமில்லை. அதோடு பேச்சு முடிந்தது.

ஆஸ்பத்திரியில் சேரும்போது நிரப்பக் கொடுத்த பாரத்தில் நெருங்கிய உறவினர் என்று ஒரு கட்டம். காலியாக விட்டேன். முகப்பிலிருந்த பெண் விடவில்லை, எழுதித்தான் ஆகவேண்டும் என்றாள். அக்காவின் பெயரையும் கைப்பேசி எண்ணையும் யோசிக்காமல் எழுதினேன். நான் செத்தால்தானே கூப்பிடப்போகிறார்கள், அப்போது எனக்கென்ன என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்தார்கள். துணித் திரைக்கு அந்தப் பக்கம் ரம்பம் ஓடுவதும் சுத்தியல் அடிப்பதும் கேட்டன. பக்கத்து வீட்டில் யாரோ அலமாரி செய்வதுபோல இருந்தது. பயத்தில் கையை நீட்டினேன். பக்கத்தில் நின்ற நர்ஸ் மிஸ்ஸி ஒருத்தி கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டாள், பிறகு அவளுக்கு வேறு வேலை வந்துவிட்டது.

இரண்டு கட்டில் போட்ட அறை. அடுத்த கட்டிலில் தாப்பாவிலிருந்து வந்த ஓர் அம்மா. குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை உடைத்துக்கொண்டவர். பார்வை நேரம் வந்தால் மகன்கள், மருமகள்கள், பேரப்பிள்ளைகள் என்று அறையே கல்யாண வீடாகிவிடும். மீன் குழம்பு வாசம் திரையைத் தாண்டி வரும். அந்த நேரத்தில் நான் கண்ணை மூடித் தூங்குவதுபோலப் படுத்திருப்பேன். ஒரு மணி நேரம் தூங்காமல் தூங்குவது, புது முட்டியை மடக்குவதைவிடக் கஷ்டம்.

இரண்டாம் நாள் அந்த அம்மா கேட்டேவிட்டார். "ஏம்மா, ஒன்னையப் பாக்க யாரும் வரலையா?"

"எங்க அக்கா வந்துட்டுப் போயிட்டாங்களே. காலையிலயே வந்துருவாங்க, நீங்க தூங்கிட்டு இருந்தீங்க" என்று, அவர் தூங்கும்போது நான் பையிலிருந்து எடுத்து அடுக்கியிருந்த மேசையைக் காட்டினேன். மைலோ டின் சாட்சி சொன்னது. அந்த அம்மா தலையாட்டினார். காசு போட்டு வாங்கியது வீண்போகவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் காலை வாக்கரைப் பிடித்துக் கதவு வரை நடந்தேன். திரும்பி வந்து படுக்கும்போது கண் இருட்டியது. பகலில் வந்த தாப்பா அம்மாவின் மூத்த மருமகள் நல்ல பெண், "ஆன்ட்டி, சுடுதண்ணி இருக்கு, மைலோ கலக்கித் தரவா?" என்று டின்னைக் கையில் எடுத்தாள். மூடியைத் திறக்கப் போனவள் என் சாப்பாட்டுத் தட்டில் இருந்த சீட்டைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"ஆன்ட்டி, ஒங்களுக்கு இனிப்புநீர் இருக்கா?"

சர்க்கரை வியாதி வந்து நாலு வருஷமாகிறது. கடையில் டின்னை எடுத்தபோது அது என் நினைவிலேயே இல்லை. அதை நான் குடிப்பதற்காகவா வாங்கினேன்?

"ஐயோ, இனிப்புநீர்க்காரிக்குப் போயி கூடப்பொறந்தவ மைலோ வாங்கிட்டு வருவாளா?" என்றார் தாப்பா அம்மா.

"அவங்களுக்குத் தெரியாதும்மா" என்றேன்.

பொய்யைக் காப்பாற்றத்தான் வாயைத் திறந்தேன். வெளியே வந்தது உண்மை. அக்காவுக்குத் தெரியாது. எனக்கு இனிப்புநீர் வந்தது தெரியாது, கண்ணில் லேசர் வைத்தது தெரியாது, முட்டியை அறுத்தது தெரியாது. அவளுக்கு என்னவெல்லாம் வந்ததோ, அதுவும் எனக்குத் தெரியாது. சின்ன வயதில் எனக்குத் தும்மல் வந்தாலே அவள் வாளியைப் போட்டுவிட்டு ஓடி வருவாள். அந்த நிமிஷம் நான் உலகத்தில் எவ்வளவு தனியாக இருக்கிறேன் என்பது தெரிந்து பயந்துபோனேன்.

அவர்கள் கிளம்பிய பிறகு, தாப்பா அம்மா குறட்டை விடும்வரை காத்திருந்து கைப்பேசியை எடுத்தேன். அக்காவின் எண் விரலிலேயே இருந்தது.

"யாரு?" என்றாள்.

"நான்தான்."

வைத்துவிடுவாளோ என்று அவசரமாகச் சொன்னேன். "முட்டி ஆப்பரேஷன் பண்ணிருக்கேன். ஈப்போவுல." ஆஸ்பத்திரிப் பெயரையும் அறை எண்ணையும்கூடச் சொன்னேன்.

"சரி" என்றாள். அவ்வளவுதான், வைத்துவிட்டாள்.

அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. வலிய போய் அவமானப்பட்டேனே என்று என்னையே திட்டிக்கொண்டேன். எத்தனை மாத்திரை கொடுத்தும் அன்றைக்கு முட்டி அடங்கவில்லை.

மறுநாள் பகல் பார்வை நேரத்தில் வழக்கம்போலக் கண்ணை மூடிப் படுத்திருந்தேன். அறை நிறையத் தாப்பாக் குடும்பம். வெளியே நடையில் செருப்புச் சத்தம் கேட்டது. ஒரு காலை ஊன்றி, மறு காலை இழுத்து, நின்று, மறுபடியும் ஊன்றி வரும் சத்தம். அந்த நடை எனக்குத் தெரியும். அது என் நடை, அம்மாவின் நடை. கண்ணைத் திறந்தேன்.

அக்கா வாசலில் நின்றாள். முடி முழுக்க வெளுத்திருந்தது. கையில் ஒரு பிளாஸ்டிக் பை. நான் வாயைத் திறப்பதற்குள் தாப்பா அம்மா முந்திக்கொண்டார்.

"நீங்கதானா அந்த அக்கா? தினம் காலையில வந்துட்டுப் போறீங்களாம், ஒரு நாள்கூட கண்ணுல படலையே லா!"

அக்கா என்னைப் பார்த்தாள். பிறகு மேசையைப் பார்த்தாள், திறக்காத மைலோ டின்னையும் ஆறு ஆரஞ்சுகளையும். பிறகு பைக்குள் கையை விட்டு, அவள் வாங்கி வந்த மைலோ டின்னை எடுத்து என்னுடையதற்குப் பக்கத்தில் வைத்தாள்.

"ஆமாம்மா, நான்தான்" என்றாள். "காலையிலயே வந்துருவேன். இன்னைக்கு பஸ் லேட்டு லா."

நாற்காலியை இழுத்துப் போட்டு, இரண்டு முட்டியையும் கையால் பிடித்துக்கொண்டு, மெதுவாக உட்கார்ந்தாள்.