அண்ணியின் கீழ்க்குரல்

முன்வரிசையில் நின்ற ஐந்தாறு பெண்கள் ஒரே சமயத்தில் தலையைத் திருப்பிப் பார்த்தார்கள். பாட்டு நிற்கவில்லை. வாய் தன்பாட்டுக்குப் பாடிக்கொண்டிருக்க, கண் மட்டும் பின்னால் வந்தது. அவர்கள் பார்த்தது என்னையல்ல, என் பக்கத்தில் அரக்குச் சிவப்புப் பட்டில் நின்றிருந்த என் அண்ணியை. கல்யாணமாகி எங்கள் வீட்டுக்கு வந்தபின் அவர் எங்கள் வேதக் கோவிலுக்கு வந்த முதல் ஞாயிறு அது. ஐம்பதுகளின் நடுவில் ஒரு தை மாதம். கிருஷ்ணகிரியில் அந்த வருடம் நல்ல பனி. புதுப்பெண் எப்படிப் பாடுகிறாள் என்று கேட்க சபையே காதைத் தீட்டிக்கொண்டு வந்திருந்தது. அண்ணியோ, எல்லாரும் ஒரு மெட்டில் போக, தான் மட்டும் வேறு ஏதோ ஒரு மெட்டில், எங்களுக்குக் கொஞ்சம் கீழே, கண்ணை மூடிக்கொண்டு நிம்மதியாகப் பாடிக்கொண்டிருந்தார்.

எனக்குப் பதினேழு வயது. சபையில் பாட்டு எடுத்துக் கொடுப்பவள் நான்தான். அதில் எனக்கு இருந்த தலைக்கனத்தை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்று சிரிப்பு வரவில்லை. நம் வீட்டுக்கு வந்தவள் நம் மானத்தை வாங்குகிறாளே என்றுதான் பட்டது. முழங்கையால் மெல்ல இடித்து, “அண்ணி, சுருதி சேரலை” என்றேன். அவர் கண்ணைத் திறந்து சுற்றிலும் பார்த்தார். திரும்பியிருந்த முகங்களைப் பார்த்தார். பிறகு வாயை மூடிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா தன்மையாகத்தான் சொன்னார். “பாட வராதது ஒண்ணும் குத்தம் இல்லம்மா. வாய்க்குள்ளயே பாடிக்கோ. நாலு பேரு பாக்கறாங்க இல்ல?” அண்ணி, “சரிங்க அத்தை” என்றார். அண்ணன் பஸ் கம்பெனியில் மெக்கானிக். இஞ்சின் சத்தத்தில் ஒரு சின்னக் கோளாறு இருந்தாலும் கண்டுபிடித்துவிடுவான். அவனும் இந்த விஷயத்தில் சிரித்துவிட்டுப் போய்விட்டான். அதற்குப் பிறகு இரண்டு மாதம் அண்ணி ஞாயிறுதோறும் பாட்டுப் புத்தகத்தை விரித்துப் பிடித்துக்கொண்டு, சரியான பக்கத்தைப் பார்த்தபடி, உதடு அசையாமல் நின்றார்.

அவர் பாடியதில் பிசகே இல்லை என்று சொல்ல எங்களில் ஒருவருக்கும் விவரம் போதாது. எங்கள் சபையில் ஆண், பெண், குழந்தை எல்லாருக்கும் ஒரே மெட்டுதான். ஆர்மோனியம் வாசித்த வாத்தியார் இடது கையால் துருத்தியை அசைத்து, வலது கையின் ஒற்றை விரலால் அந்த மெட்டையே தொட்டுக்கொண்டு வருவார். மூன்று கட்டைகளைச் சேர்த்து அழுத்தினால் என்ன ஆகும் என்று அவரும் பார்த்ததில்லை, நாங்களும் கேட்டதில்லை. ஒரு பாட்டுக்கு ஒரு மெட்டு, அந்த மெட்டுக்குள்ளேயே அதன் துக்கமும் சந்தோஷமும் இருக்கிறது என்பது எங்கள் எண்ணம். இன்ன ராகம் இரக்கம், இன்ன ராகம் மங்களம் என்று அப்பா சொல்லிக் கேட்டு வளர்ந்தவள் நான். வெள்ளைக்காரர் மெட்டில் அமைந்த ஞானப்பாட்டையும் அந்தக் கணக்கிலேயே சேர்த்து வைத்திருந்தேன்.

அண்ணி கோலார் தங்கவயலில் பிறந்தவர். அங்கே சுரங்கத்து ஊழியர்களின் கோவில்களில் நான்கு குரலாகப் பிரிந்து பாடும் பழக்கம் இருந்தது. அவர் வீட்டிலும் அப்படித்தான். அவர் அம்மா மெட்டைப் பாடுவார், அண்ணி அதற்குக் கீழ்வரி, தம்பி அதற்கும் கீழே, அப்பா அடியில். சாப்பிட்டு முடித்துக் கை கழுவுவதற்குள் ஒரு பாட்டு ஆகிவிடுமாம். அப்பா இறந்ததும் கம்பெனி கொடுத்திருந்த வீட்டைக் காலி செய்தார்கள். அம்மாவைத் தம்பி இலங்கைத் தோட்டத்துக்கு அழைத்துப் போய்விட்டான். அண்ணி எங்கள் வீட்டுக்கு வந்தார். இதையெல்லாம் அவர் எனக்குச் சொன்னது ஒரு பங்குனி மத்தியானம், புளி உடைத்துக்கொண்டிருந்தபோது.

அம்மா பெண்கள் ஜெபக்கூட்டத்துக்குப் போயிருந்தார். கூடத்தில் சாக்கு விரித்து, ஓடு உடைத்த புளியை நடுவில் கொட்டி, நாங்கள் இருவரும் நார் உரித்துக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தோம். ஈஸ்டருக்கு நான் தனியாகப் பாடவேண்டிய பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். அண்ணி கை வேலையை நிறுத்தினார்.

“பாப்பா, ஒண்ணு கேக்கட்டா? நீ உன் பாட்டையே பாடு. நான் இன்னா பாடினாலும் என் பக்கம் வரக்கூடாது.”

இதென்ன பிரமாதம் என்று ஆரம்பித்தேன். நாலு சொல் தாண்டுவதற்குள் என் குரல் வழுக்கி அவர் குரலில் போய் விழுந்தது. இரண்டாம் தடவையும் அப்படியே. மூன்றாம் தடவை இரண்டு காதையும் பொத்திக்கொண்டு பாடினேன். புளிக் கையோடு பொத்தியதால் காது மடலெல்லாம் பிசுபிசுத்ததுதான் மிச்சம். அண்ணி அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. நாலாவதோ ஐந்தாவதோ தடவை, வீம்புக்கு என் மெட்டை இறுக்கிப் பிடித்தேன். அது நின்றது. அவர் குரல் அதன் அடியில் வந்து சேர்ந்தது. சபை பிசகு என்று ஒதுக்கிய அதே வரிதான். என் பாட்டுக்கு ஒரு தரை இருக்கிறது என்பதையே அதுவரை நான் அறிந்திருக்கவில்லை.

“கடைசிச் சுரத்தை விடாம பிடி” என்றார். பிடித்தேன். அவர் கீழே ஒரு சுரத்தில் நின்றார். பாட்டு வீடு வந்து மூட்டையை இறக்கி வைத்தது. “விடாத, அங்கியே நில்லு” என்று கையைக் காட்டிவிட்டு, அவர் அங்கிருந்து நகர்ந்து இன்னொரு சுரத்துக்குப் போனார். நான் அதே இடத்தில்தான் நின்றேன், அதே குரல், அதே மூச்சு. ஆனால் என் பாட்டு அழுதது. கை ரோமம் சிலிர்த்துப் பாட்டை விட்டுவிட்டேன்.

“என்ன பண்ணீங்க அண்ணி?”

“உன்னை நான் தொடவே இல்ல. நீ நின்ன எடத்துலதான் நின்ன. நான்தான் எடம் மாத்தினேன்.” ஒரு கொட்டையை எடுத்து முறத்தில் போட்டுவிட்டுச் சொன்னார்: “இதுக்கெல்லாம் எங்க ஊட்ல பேரு வெச்சிருந்தோம். மொதல்ல பாடினது, ஊட்டுக்கு வந்தாச்சு. ரெண்டாவது பாடினது, வந்தோம், கதவு பூட்டியிருக்குது.”

அவர் அதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குத்தான் அப்பா இறந்ததும் அவர்கள் காலி செய்த வீடு கண்ணில் வந்தது. பிற்காலத்தில், சந்தோஷத்துக்கு ஒரு சுரச் சேர்க்கை, துக்கத்துக்கு ஒரு சுரச் சேர்க்கை, இன்ன சேர்க்கை வீரம், இன்னது பக்தி என்று பிரித்து எழுதிய விளக்கங்களைப் படித்திருக்கிறேன். தவறென்று சொல்லமாட்டேன். ஆனால் ஒரு சுரம் தனியாக எதையும் உணர்வதில்லை, அதன் பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் அதற்கு முகம் வருகிறது என்று நான் தெரிந்துகொண்டது அந்தப் புளிக் குவியலின் முன்னால்தான். அன்று அவர் இன்னொன்றும் சொன்னார். “தனியா பாடினா என் வரி பாட்டே இல்ல பாப்பா. மேல ஒருத்தர் இருந்தாத்தான் அது பாட்டு. இங்க வந்ததுல இருந்து அதுக்கோசரம்தான் ஏங்கிக் கெடக்கறன்.”

நான்தான் யோசனை சொன்னேன். ஈஸ்டர் ஆராதனையில் நான் முதல் சரணத்தைத் தனியாகப் பாடுவது, இரண்டாவது சரணத்தில் அண்ணி சேர்ந்துகொள்வது. கேட்டால் சபைக்குப் புரிந்துவிடும், அம்மாவுக்கும் புரிந்துவிடும் என்று அடித்துச் சொன்னேன். அவர் தயங்கினார். “நீ நடுவுல உட்டுடமாட்டியே?” என்று கேட்டார். நானா விடுவேன் என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். மூன்று வாரம், அம்மா இல்லாத நேரமெல்லாம் பாடிப் பார்த்தோம். அந்த மூன்று வாரத்தில் அண்ணியின் முகமே மாறியிருந்தது. கிணற்றடியில் தண்ணீர் சேந்தும்போதுகூட ராட்டினத்தின் கிறீச்சுக்குக் கீழே ஒரு சுரம் பிடித்துக்கொண்டிருப்பார்.

ஈஸ்டர் காலையில் கோவில் நிறைய ஆட்கள். வேப்பனப்பள்ளிப் பக்கத்திலிருந்து மாட்டு வண்டி கட்டிக்கொண்டு வந்த குடும்பங்கள் ஓரத்தில் தெலுங்கில் பேசிக்கொண்டு நின்றன. முதல் சரணம் முடித்தேன். இரண்டாவது தொடங்கியதும் அண்ணியின் குரல் வந்தது. ஒரு வரி நன்றாகவே போயிற்று. அப்புறம் முன்வரிசைத் தலைகள் திரும்பின. யாரோ ஒரு பெண் முந்தானையால் வாயை மூடிச் சிரித்தாள். ஆர்மோனிய வாத்தியார் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக எட்டிப் பார்த்து, எனக்கு உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு, மெட்டைப் பலமாக வாசித்தார். நான் அம்மாவைப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. அம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இருமல் வந்தவள்போல வாயைப் பொத்திக்கொண்டேன். இருமல் வரவில்லை. அதை இங்கே எழுதிவிடுவதுதான் முறை.

நான் திரும்பி வந்துவிடுவேன் என்று நம்பி அண்ணி பாடிக்கொண்டே இருந்தார். ஒன்றரை வரி. மேலே மெட்டில்லாமல் அந்தக் குரல், அருகருகே இருந்த இரண்டு மூன்று சுரங்களுக்குள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. வாத்தியாரின் ஒற்றை விரல் அதற்குத் துணையாகவில்லை. பதறி வேகமாக வாசித்த வாத்தியார் பாட்டில் இரண்டு சொல் முன்னால் இருந்தார். மூன்று வாரம் அதோடு சேர்ந்து பாடிய எனக்கே அது பிசகாகத்தான் கேட்டது. சபை பொறுக்கமாட்டாமல் ஒன்றாகச் சேர்ந்து மெட்டைப் பாடத் தொடங்கியது. அண்ணி நிறுத்திவிட்டுப் புத்தகத்தைத் திறந்தார். அது தலைகீழாக இருந்ததை நான் பார்த்தேன். அவர் அதைத் திருப்பவில்லை.

ஆராதனை முடிந்து வீட்டில் சாப்பிட உட்கார்ந்தோம். அன்று கறிக்குழம்பு. அண்ணிதான் பரிமாறினார். என் இலைக்கு வந்தபோது, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில், “இருமலுக்கு மிளகு போட்டு வெந்நி வெக்கட்டா பாப்பா?” என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். வேண்டாம் என்று தலையாட்டினேன். உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் எனக்கு அப்புறம் வாய்க்கவில்லை.

ஆனி மாதம் அண்ணனுக்குப் பெங்களூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்துப் போய்விட்டார்கள். இரண்டு வருடம் கழித்து நான் அங்கே போனபோது, அண்ணி ஒரு பெரிய கோவிலின் பாடகர் குழுவில் இருந்தார். முப்பது பேருக்கு மேல் இருக்கும். நான் பின்வரிசையில் உட்கார்ந்து அவர் குரலைத் தேடினேன். கிடைக்கவில்லை. கூட்டத்தோடு கூட்டமாக அது கலந்துவிட்டிருந்தது. ஒரு தலையும் திரும்பவில்லை. அவர் முகத்தில் இருந்த நிறைவைப் பார்த்து எனக்குப் பொறாமையாக இருந்தது. கூடவே அழுகையும் வந்தது. வீட்டுக்கு வரும் வழியில், “அண்ணி, அன்னிக்கு எனக்கு இருமல் வரலை” என்றேன். “தெரியும்” என்றார். “அத இன்னாத்துக்கு இப்போ?” என்று என் கையைத் தட்டிக் கொடுத்தார்.

மன்னித்துவிட்டார் என்றே நினைக்கிறேன். ஆனால் என்னோடு அவர் மறுபடி பாடவில்லை. எத்தனையோ தடவை தூண்டில் போட்டிருக்கிறேன். அவர் சமையலறையில் இருக்கும்போது போய் நின்று, ஒன்றும் தெரியாதவள்போல அந்தப் பாட்டின் மெட்டை முனகுவேன். கடைசிச் சுரத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அவர் புன்னகையோடு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருப்பார். மூச்சு தீர்ந்து நான் நிறுத்தியதும், “காப்பி குடிக்கறியா பாப்பா?” என்பார். முப்பது வருடம் இப்படியே போயிற்று. ஒருநாள் கீழிருந்து அந்தக் குரல் வந்துவிடும் என்று ஒவ்வொரு தடவையும் எதிர்பார்த்தேன். இப்போது அவர் இல்லை.

அவர் இறந்த பிறகு அவரோடு பாடிப் பழகிய அவர் மகளிடம் கேட்டு அந்தக் கீழ்வரியைக் கற்றுக்கொண்டேன். மேல்வரி பாடிப் பழகிய தொண்டைக்கு அது லேசில் படியவில்லை. மூன்று மாதம் பிடித்தது. நான் இப்போது ஓசூரில் மகன் வீட்டில் இருக்கிறேன். காலையில் பால்கனியில் துணி உலர்த்தும்போது அந்த வரியைப் பாடுவேன். எதிர்வீட்டுக்காரர்கள் என்னைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

போன வாரம் என் மருமகளுக்குப் பொறுக்கவில்லை. அவள் திருநெல்வேலிப் பக்கம், ஆசையாகப் பாடுகிறவள். சமையலறையிலிருந்தே, “அத்தை, என்ன இப்பிடிப் பாடுதீங்க? அந்தப் பாட்டு இப்பிடில்லா வரும்” என்று சொல்லி, எனக்குத் திருத்திக் காட்டுவதற்காக மெட்டை உரக்கப் பாடினாள். ஈரத் துணியைக் கொடியில் போட்டுவிட்டு, என் வரியையே பாடினேன். அவள் விடவில்லை, இன்னும் அழுத்தமாகப் பாடினாள். நானும் விடவில்லை. கடைசிச் சுரத்தில் அவள் நின்றாள். நான் கதவு பூட்டியிருக்கும் அந்த இரண்டாவது இடத்துக்குப் போய் நின்றேன்.

அவள் குரல் சட்டென்று நின்றது. கையில் கரண்டியோடு பால்கனி வாசலுக்கு வந்து என்னைப் பார்த்தாள்.

“நான் சரியாத்தானே பாடினேன் அத்தை? ஏன் எனக்கு இப்பிடி அழுகையா வருது?”

“நீ சரியாத்தான் பாடின. இன்னொரு தடவை பாடும்மா,” என்றேன். “நான் என்ன பண்ணினாலும் நடுவுல விட்டுடாதே.”